மலிவாக விற்றால் குற்றமா? ஏற்றுமதி நாடுகளைத் துரத்தும் ‘குவிப்பு எதிர்ப்பு வரி’

பேரங்காடிகளின் உறைபெட்டிகளில் ‘டோரி’ என்ற பெயரில் கிடைக்கும் வெள்ளை மீன் துண்டுகள் மலேசியக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழக்கமானவை. முள் இல்லை, விலையும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை வியட்நாமின் மேக்கோங் ஆற்றுப் படுகையில் வளர்க்கப்படும் மீன்கள். பகாங், தெமர்லோவில் புகழ்பெற்ற பாத்தின் மீனுக்கு அவை நெருங்கிய உறவு.

இந்த மீன்மீது அமெரிக்கா 2003ஆம் ஆண்டு சிறப்பு வரி விதித்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த ஆணை நீடிக்கிறது. வியட்நாம்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு ‘டம்பிங்’, அதாவது பொருள் குவிப்பு. 2025ஆம் ஆண்டில் இதே குற்றச்சாட்டு மலேசியாவில் தயாராகும் சூரிய மின்தகடுகள் மீதும் உறுதியானது.

குறைந்த செலவில் உற்பத்தி செய்யும் நாடுகள் ஏன் அடிக்கடி இந்த வழக்கில் சிக்குகின்றன?

குவிப்பு என்றால் என்ன?

போட்டியாளரைவிட விலையைக் குறைத்து விற்பது மட்டும் குவிப்பு ஆகாது. ஒரு நிறுவனம் தன் சொந்த நாட்டில் விற்கும் விலைக்கும் வெளிநாட்டுக்கு அனுப்பும் விலைக்கும் உள்ள வேறுபாட்டையே அனைத்துலக விதி பார்க்கிறது.

ஓர் ஆலை ஒரு பொருளை உள்நாட்டில் 10 ரிங்கிட்டுக்கு விற்று, அதையே வெளிநாட்டுக்கு 8 ரிங்கிட்டுக்கு அனுப்பினால் அது குவிப்பு. வேறுபாடான 2 ரிங்கிட், ஏற்றுமதி விலையில் 25 விழுக்காடு. வரியும் அந்த அளவைத் தாண்டக்கூடாது. மாறாக, உள்நாட்டில் 7 ரிங்கிட்டுக்கு விற்கும் பொருளை 8 ரிங்கிட்டுக்கு ஏற்றுமதி செய்தால் அது குவிப்பு அல்ல. அங்குள்ள உள்ளூர் நிறுவனம் அதே பொருளை 15 ரிங்கிட்டுக்கு விற்றாலும் சரிதான்.

உள்நாட்டில் போதிய விற்பனை இல்லையென்றால், உற்பத்திச் செலவுடன் நியாயமான இலாபத்தைக் கூட்டி ஒப்பிடுவார்கள். குவிப்பு நடந்திருப்பதோடு, அதனால் உள்ளூர்த் தொழில் பாதிக்கப்பட்டதையும் நிரூபிக்க வேண்டும். விலை வேறுபாடு 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்றால் விசாரணையைக் கைவிட வேண்டும். உலக வர்த்தக அமைப்பின் 1995ஆம் ஆண்டு உடன்பாடு இப்படித்தான் சொல்கிறது.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் சிக்கல் கணக்குப் போடும் முறையில் வருகிறது.

வியட்நாம் மீனுக்கு வங்காளதேச விலை

மேக்கோங் படுகையில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை மீன் வளர்ப்புக்கு ஏற்றது. அங்கு வளரும் இந்த மீன் காற்றையும் சுவாசிக்கக்கூடியது என்பதால் ஒரே குளத்தில் நெருக்கமாக வளர்க்கலாம். கூலியும் குறைவு. 2001ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க–வியட்நாம் வாணிப உடன்பாடு நடப்புக்கு வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் வியட்நாம் மீனின் வரவு வேகமாக உயர, மிசிசிப்பி, அலபாமா, அர்க்கன்சா மாநிலங்களின் கெளுத்தி மீன் வளர்ப்பாளர்கள் அதிர்ந்தனர்.

முதலில் பெயரில் கை வைத்தார்கள். வட அமெரிக்க இனத்தைத் தவிர வேறு எந்த மீனையும் ‘கெட்ஃபிஷ்’ என்று விற்கக்கூடாது எனச் சட்டம் வந்தது. 2002ஆம் ஆண்டில் குவிப்பு வழக்கு தொடரப்பட்டது.

வியட்நாமைச் ‘சந்தைப் பொருளாதாரம் அல்லாத நாடு’ என்று அமெரிக்க வாணிபத் துறை வகைப்படுத்தியது. அதாவது, அரசின் தலையீடு இருப்பதால் அந்நாட்டின் விலைகளை நம்ப முடியாது என்று பொருள். எனவே, ஒரு கிலோ மீன் துண்டுக்கு வியட்நாம் ஆலை எவ்வளவு மீன், மின்சாரம், உழைப்பு செலவிடுகிறது என்று கணக்கெடுத்து, அவற்றை வங்காளதேசத்து விலையால் மதிப்பிட்டார்கள். முடிவில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபட்டு, ஏறக்குறைய 37 முதல் 64 விழுக்காடு வரை வரி விழுந்தது.

2013ஆம் ஆண்டில் ஒப்பீட்டு நாடு இந்தோனேசியாவாக மாறியபோது, சில நிறுவனங்களின் வரி பலமடங்கு உயர்ந்தது. குளத்திலும் ஆலையிலும் மாற்றம் நிகழ்ந்ததால் அல்ல, ஒப்பிடும் நாடு மாறியதால்தான் இந்த உயர்வு. வியட்நாமின் தகுதியை மாற்ற அமெரிக்கா 2024 ஆகஸ்டிலும் மறுத்துவிட்டது.

‘சுழியம்’ செய்யும் வேலை

இன்னொரு கணக்கும் உண்டு. நியாய விலை 10 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சரக்கை 8 ரிங்கிட்டுக்கும் மற்றொன்றை 12 ரிங்கிட்டுக்கும் ஏற்றுமதி செய்தால் சராசரி 10 ரிங்கிட். குவிப்பே இல்லை. ஆனால் கூடுதல் விலைக்கு விற்றதைச் சுழியமாக வைத்து, குறைத்து விற்றதை மட்டும் எண்ணினால் 2 ரிங்கிட் குவிப்பு தோன்றிவிடும். அமெரிக்கா பயன்படுத்திய இந்த முறைக்கு எதிராக உலக வர்த்தக அமைப்பு பலமுறை தீர்ப்பளித்துள்ளது. இறால் ஏற்றுமதி தொடர்பான வழக்கில் 2011ஆம் ஆண்டில் வியட்நாமும் இப்படி வென்றது.

மறுபக்கமும் உண்டு

எல்லாக் குவிப்பு வழக்குகளும் பொய்யானவை அல்ல. உள்நாட்டில் போட்டியின்றி அதிக விலைக்கு விற்று இலாபம் பார்க்கும் நிறுவனம், மிஞ்சிய சரக்கை அடக்க விலைக்கும் கீழே வெளிநாட்டில் தள்ளிவிட முடியும். உள்ளூர் ஆலைகள் மூடப்பட்ட பிறகு அதே நிறுவனம் விலையை ஏற்றவும் முடியும்.

அதனால்தான் மலேசியாவும் 1993ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றியது. முதலீடு, வாணிபம், தொழில்துறை அமைச்சு விசாரணை நடத்துகிறது. சீனா, வியட்நாம் உள்ளிட்ட நாடுகளின் எஃகுத் தகடுகள் மீது மலேசியாவும் இந்த வரியை விதித்திருக்கிறது.

மலேசியா குற்றவாளிக் கூண்டில்

சூரிய மின்தகடு விவகாரத்தில் நிலைமை தலைகீழ். மலேசியா, வியட்நாம், தாய்லாந்து, கம்போடியா ஆகிய நான்கு நாடுகளில் சீன நிறுவனங்கள் அமைத்த ஆலைகள் அடக்க விலைக்கும் குறைவாக விற்கின்றன, நியாயமற்ற அரசு உதவியும் பெறுகின்றன என்று அமெரிக்க உற்பத்தியாளர்கள் 2024 ஏப்ரலில் புகார் செய்தனர்.

ஓராண்டுக்குப் பின் வரி விகிதங்கள் முடிவாயின. பினாங்கில் ஆலை வைத்துள்ள ஜின்கோ சோலார் நிறுவனத்துக்குக் குவிப்பு வரியும் அரசு உதவிக்கான ஈடுகட்டு வரியும் சேர்ந்து சுமார் 41 விழுக்காடு. விசாரணைக்கு ஒத்துழைக்காத கம்போடிய நிறுவனங்களுக்கோ 3,500 விழுக்காட்டுக்கும் மேல்.

இந்த இடைவெளி ஒரு பாடம். கேள்விப் பட்டியலுக்குப் பதில் தராத நிறுவனத்துக்கு, கையிலிருக்கும் பாதகமான தகவலை வைத்தே வரி கணக்கிடப்படும். பெரிய நிறுவனங்கள் வழக்கறிஞரையும் கணக்காய்வாளரையும் அமர்த்திப் பதில் தருகின்றன. சிறு ஏற்றுமதியாளர்கள் பலருக்கு அந்த வசதி இல்லை. வழக்கை எதிர்கொள்ள முடியாமலே அவர்கள் சந்தையை இழக்கிறார்கள்.

தொழிலாளர்களுக்கு என்ன?

ஒரு சந்தை அடைபட்டால் ஏற்றுமதி ஆலைகளில் முதலில் குறைவது ஓவர்டைம். பிறகு ஒப்பந்தத் தொழிலாளர்களின் வேலைக்கு ஆபத்து வரும். வியட்நாம் மீன் துறை ஐரோப்பா முதலிய வேறு சந்தைகளைத் தேடிப் பிழைத்துக்கொண்டது. ஒரே நாட்டை நம்பியிருக்கும் ஆலைக்கு அந்த வழி எளிதல்ல.

குவிப்பு எதிர்ப்பு வரி பொதுவாக ஐந்தாண்டுகளில் முடிய வேண்டும். மறுஆய்வில் மீண்டும் பாதிப்பு வரக்கூடும் என்று முடிவானால் நீடிக்கப்படும். எனவே இத்தகைய செய்தி வரும்போது ஆலைத் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று: தங்கள் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட விகிதம் எவ்வளவு, நிர்வாகம் விசாரணைக்கு ஒத்துழைத்ததா, சரக்கு வேறு எந்த நாடுகளுக்குப் போகிறது. நாட்டின் பெயரில் செய்தி வந்தாலும் வரி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.