லீவா... இல்லையா?

மழை நாள்ல எழுந்ததும் நீங்க முதல்ல எதைத் தேடுவீங்க? பல் பிரஷ்னு சொன்னா நம்ப மாட்டேன். டி.வி.யில கீழே ஓடுற அந்த ஒரு வரியைத்தானே! அதுல 'பள்ளிகளுக்கு மட்டும்'னு வந்துட்டா, போர்வைக்குள்ள இருந்து தம்பி ஒரு சிரிப்பு சிரிப்பான் பாருங்க... செம கடுப்பாகும்!

எனக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீடு பொம்மிடி, தர்மபுரி மாவட்டம். காலேஜ் சேலத்துல. ஏற்காடு மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கலெக்டர், அந்தப் பக்கம் ஒரு கலெக்டர். ஒரு நாள் இங்கே கொட்டோ கொட்டுன்னு கொட்டி லீவு விட்டாங்க. அங்கே வெறும் தூறல், காலேஜ் உண்டு. நனைஞ்சுக்கிட்டே ஸ்டேஷனுக்கு ஓடினேன். 'எங்க மாவட்டத்துல லீவு சார்'னு அட்டெண்டன்ஸ் எடுக்கிறவர்கிட்ட சொல்ல உங்களுக்குத் தைரியம் வருமா?

காமெடி இருக்கட்டும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்போ, 'கடலோரத்துக்காரங்க பாவம்'னு நினைச்சோம். அது மெதுவா உள்ளே நகர்ந்து நம்ம பக்கம் வந்து கொட்டிடுச்சு. டிசம்பர் 2, திங்கட்கிழமை காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல ஊத்தங்கரையில 50 செ.மீ., நம்ம அரூர்ல 33 செ.மீ.! ஊத்தங்கரையில ரோட்டோரம் நின்ன வண்டிகளைத் தண்ணி இழுத்துட்டுப் போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க.

இதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா? ஒரு நாள் மழையைக் கணக்கு எடுக்கிறது காலை 8.30 மணிக்கு. ஸ்கூல் வேன் கிளம்புறது 7 மணிக்கே! அதனால வானிலை மைய எச்சரிக்கையையும், தாலுகாவுல இருந்து வர்ற தகவலையும் வெச்சு, விடியறதுக்குள்ள கலெக்டர் முடிவெடுத்தாகணும். லேட்டானா என்ன ஆகும்? 2022 ஆகஸ்ட்ல எர்ணாகுளத்துல 8.25-க்கு லீவு அறிவிச்சாங்க. பாதிப் பசங்க அதுக்குள்ள ஸ்கூலுக்கே போயாச்சு! பெற்றோர் கொந்தளிக்க, 'திறந்த ஸ்கூலை மூட வேண்டாம்'னு மறுபடி ஒரு விளக்கம்.

பனி கொட்டுற அமெரிக்க ஊர்கள்ல, விடியற்காலையிலேயே ஆட்கள் ரோட்டுல வண்டி ஓட்டிப் பார்த்துட்டுத்தான் முடிவெடுப்பாங்களாம். முழு லீவுதான்னு இல்லை. '2 மணி நேரம் லேட்டா வாங்க'ன்னும் சொல்வாங்க. டெல்லியிலும் 2024 ஜனவரி குளிருல, 9 மணிக்கு முன்னாடி வகுப்பு நடத்தக் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. நமக்கு மட்டும் லீவு, இல்லேன்னா ஃபுல் டே!

மாவட்டம் முழுக்க ஒரே மாதிரியா மழை பெய்யுது? தர்மபுரி டவுன்ல வெயில் அடிக்கும்போதே மலையில பெஞ்ச தண்ணி இங்கே ஓடையில வந்துடும். தமிழ்நாட்டுல சில மாவட்டங்கள்ல 'மழையைப் பொறுத்து தலைமையாசிரியரே முடிவு பண்ணலாம்'னு விட்டிருக்காங்க. அதுக்குத்தான் என் ஓட்டு. ஹெச்.எம்.முக்குத் தெரியும், எந்தப் பசங்க எந்தத் தரைப்பாலத்தைத் தாண்டி வராங்கன்னு.

எங்க தெருவுல எட்டாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி இருக்கா. மழை பெஞ்சா அவ அம்மா டி.வி.யைப் போடறதே இல்லை. குடையை எடுத்துக்கிட்டு நேரா ஓடைக்குப் போறாங்க. தண்ணி பாலத்துக்கு மேல போனா லீவு!