போர்க்லிப்டா, டெலிஹேண்ட்லரா? வாடகைக்கு எடுக்குமுன் ஒரு கணக்கு

திருப்பதி மாவட்டத்தில் புத்தூரை அடுத்து, அருணா நதிக்கரையில் அமைந்த ஊர் நாராயணவனம். புத்தூர் - நாராயணவனம் சாலையில் பொறியியல் கல்லூரிக் கட்டிடங்கள் மாடி மாடியாக எழும்பியுள்ளன. இதே மாவட்டத்தில்தான் சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டி தொழில் நகரமும் இருக்கிறது. இத்தகைய கட்டிட வேலைகளில் கொத்தனாராகவோ, சித்தாளாகவோ, ஸ்டோர் குமாஸ்தாவாகவோ பணிபுரியும் நம்மவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு.

தலைச்சுமை இன்னும் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் பெரிய சைட்டுகளில் செங்கல்லையும் சிமெண்டையும் இயந்திரமே ஏற்றுகிறது. எந்த இயந்திரம் என்பதில்தான் குழப்பம்.

இரு வகை

கிடங்குகளில் ஓடும் சாதாரண போர்க்லிப்டின் சிறு சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிடும். 1950-களின் இறுதியில் பிரான்சு நாட்டின் மார்செல் பிரோ என்பவர் டிராக்டரைத் திருப்பிப் போட்டு, பெரிய சக்கரங்கள் இருந்த பக்கம் தூக்கும் கம்பத்தைப் பொருத்தினார். மேடு பள்ளத்தில் ஓடும் போர்க்லிப்ட் இவ்வாறு உருவானது. இது சுமையை நேர் மேலே தூக்கும். உயரம் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மீட்டர்.

டெலிஹேண்ட்லர் வேறு வகை. அதன் கை குழாய்க்குள் குழாயாக நீளும். மேலேயும் போகும், முன்னேயும் போகும். இங்கிலாந்தின் ஜே.சி.பி. நிறுவனம் 1977-ல் தனது முதல் டெலிஹேண்ட்லரை வெளியிட்டது.

குடம் சொல்லும் பாடம்

நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நெடுந்தூரம் நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிடம் தாங்காது. டெலிஹேண்ட்லருக்கும் இதே நியாயம்தான். மூன்று டன் என்று எழுதியிருந்தால், அது கை சுருங்கியிருக்கும்போது உள்ள பலம். கை முழுதும் முன்னே நீண்டால் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும் இயந்திரங்கள் உண்டு.

ஒரு செங்கல் மூன்று கிலோ என்றால் 500 செங்கல் ஒன்றரை டன். "மூன்று டன் வண்டிதானே" என்று அதைச் சாரத்துக்கு அப்பால் நீட்டினால் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். எவ்வளவு நீட்டினால் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணை ஓட்டுநர் அறையிலேயே இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

எப்போது எது?

லாரியிலிருந்து சரக்கை இறக்கவும், அடுக்கவும், கட்டிடத்தின் அடிவரை கொண்டு சேர்க்கவும் போர்க்லிப்ட் போதும். பொதுவாக வாடகையும் குறைவு. சரக்கு போக வேண்டிய இடத்துக்கும் வண்டிக்கும் நடுவே சாரமோ, அஸ்திவாரக் குழியோ, சன்ஷேடோ இருந்தால் டெலிஹேண்ட்லர் வேண்டும். கீழ்வேலை, மேல்வேலை இரண்டையும் ஒரே வண்டி செய்ய வேண்டுமானாலும் அதுவே ஏற்றது.

பெரிய டயர் இருப்பதால் சரிவில் நின்றும் தூக்கலாம் என்று எண்ணுவது ஆபத்து. டயர் ஓடுவதற்கு உதவும். தூக்கும்போது சமமான, கெட்டியான தரை வேண்டும். ஆற்றோர மணலிலும் மழை பெய்த மண்ணிலும் தாங்கு கால்களின் கீழே கனமான பலகை போடாமல் தூக்கக் கூடாது.

முள்ளின் மேல் ஆளை ஏற்றுவதும், தூக்கிய சுமையின் கீழ் நடப்பதும் கூடவே கூடாது. புத்தூர் கட்டுக்குப் பேர்போன வட்டாரம் இது. முறிந்த எலும்புக்குத்தான் கட்டு. போன உயிருக்கு இல்லை.

வாடகைக்கு எழுதும் குமாஸ்தா "மூன்று டன் வண்டி ஒன்று" என்று மட்டும் எழுதுவது போதாது. எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு, முன்னே எட்ட வேண்டிய தூரம் எவ்வளவு என்ற மூன்றையும் மேஸ்திரியிடம் கேட்டு எழுத வேண்டும். மூன்றாவது எண் விடுபட்டால், அதற்கு விலை கொடுப்பவர் கீழே நிற்கும் சித்தாள்.