ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானக் கழகம்

ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானக் கழகம் என்பது, தரையில் நின்றபடி ரேடியோ அலைகளால் இயக்கப்படும் சிறிய விமானங்களைக் கட்டுவதிலும் பறக்கவிடுவதிலும் ஆர்வம் கொண்டவர்கள் கூடி நடத்தும் தன்னார்வ அமைப்பாகும். பல நாடுகளில் இத்தகைய கழகங்கள் உள்ளன. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கழகங்கள் செயல்பட்டு வந்துள்ளன. அந்நாட்டுக் கழகங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றின் செயல்பாடுகள் இங்கே விளக்கப்படுகின்றன.

ஒரு மாதிரி விமானத்தை ஒருவர் தம் வீட்டு மேசையில் தனியாகவே கட்டிவிடலாம். அதைப் பறக்கவிடும்போதுதான் பிறருடைய தேவை எழுகிறது. திறந்த நிலம், வான்வெளி, ரேடியோ அலைவரிசை ஆகிய மூன்றும் பலருக்கும் பொதுவானவை. அவற்றைச் சண்டையும் விபத்தும் இல்லாமல் பகிர்ந்துகொள்வதற்கான ஏற்பாடே கழகம். அதன் விதிகளும் பழக்கங்களும் பெரும்பாலும் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை.

வரலாறு

ரேடியோ அலைகளால் ஒரு பொருளைத் தொலைவிலிருந்து இயக்க முடியும் என்பதை 1898ஆம் ஆண்டு நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கொண்டு காட்டினார். அதே முறையை மாதிரி விமானத்தில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய முன்னோடிகளுள் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் முக்கியமானவர்கள். 1937ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இவர்களுடைய ‘கஃப்’ என்ற விமானம் ரேடியோ கட்டுப்பாட்டில் பறந்தது. ஒருவரின் விமானம் கட்டும் திறனும் மற்றவரின் ரேடியோ அறிவும் இணைந்ததால் இது கைகூடியது. அந்த விமானம் பின்னர் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய வான்வெளி அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பட்டது.

தொடக்ககாலக் கருவிகளால் பெரும்பாலும் வால் சுக்கானை இடமாகவோ வலமாகவோ முழுமையாகத் திருப்ப மட்டுமே முடிந்தது. 1960களில் விகிதமுறைக் கட்டுப்பாடு பரவியது. பிடியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அந்த அளவுக்கே விமானத்தின் பரப்பும் அசையும் முறை இது. இதன் பிறகே சாதாரண ஆர்வலர்களும் நம்பிக்கையுடன் பறக்கவிடத் தொடங்கினர்.

அமெரிக்க மாதிரி விமான ஆர்வலர்களின் தேசிய அமைப்பு ‘அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ்’ ஆகும். சுருக்கமாக ஏ.எம்.ஏ. எனப்படும் இது 1936ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இதன் தலைமையகமும் மாதிரி விமான அருங்காட்சியகமும் இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரில் உள்ளன.

அமைப்பு

உள்ளூர்க் கழகம் ஒவ்வொன்றிலும் தலைவர், செயலாளர், பொருளாளர், பாதுகாப்பு அலுவலர் ஆகியோர் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இவர்கள் ஊதியம் இல்லாமல் பணிபுரிகின்றனர். புல் வெட்டுதல், ஓடுபாதையைச் சீர்செய்தல், வேலியைப் பழுதுபார்த்தல் போன்ற வேலைகளை உறுப்பினர்களே முறைவைத்துச் செய்கின்றனர்.

ஏ.எம்.ஏ. உறுப்பினர்களுக்குப் பொறுப்புக் காப்பீடு உண்டு. விமானம் ஒருவர் மீதோ பிறர் சொத்தின் மீதோ விழுந்து சேதம் ஏற்பட்டால் இது உதவும். நிலம் தரும் உழவரோ நகராட்சியோ முதலில் கேட்பது இந்தக் காப்பீட்டைப் பற்றித்தான். ஆகவே, உறுப்பினர் அட்டை இல்லாதவரைத் தனியாகப் பறக்கவிடப் பெரும்பாலான கழகங்கள் அனுமதிப்பதில்லை.

பறப்புத் தளம்

கழகத்தின் மிகப் பெரிய சொத்து அதன் பறப்புத் தளமே. வயல்வெளி, பூங்காவின் ஒரு பகுதி, மூடப்பட்ட குப்பைக் கிடங்கின் மேற்பரப்பு போன்ற இடங்கள் இதற்குப் பயன்படுகின்றன. தளத்தில் ஓடுபாதை, அதன் ஓரமாக விமானிகள் நிற்கும் இடம், அதற்குப் பின்னால் விமானங்களைத் தயார்செய்யும் மேசைகள், இன்னும் பின்னால் பார்வையாளர் பகுதி, வாகன நிறுத்தம் என ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும்.

விமானிகளின் முன்னால் ஒரு பாதுகாப்புக் கோடு இருக்கும். எல்லா விமானங்களும் அக்கோட்டுக்கு அப்பால்தான் பறக்க வேண்டும். பின்பக்கம் மனிதர்கள் இருப்பதால் அத்திசையில் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் விதிமீறலே.

விமானிகள் அருகருகே நின்று, தாம் செய்யப்போவதை உரக்க அறிவிப்பது வழக்கம். மேலெழும்பும்போதும், தரையிறங்கும்போதும், விழுந்த விமானத்தை எடுக்க ஓடுபாதைக்குள் செல்லும்போதும் குரல் கொடுப்பர். எஞ்சின் நின்றுபோன விமானத்தால் மறுமுறை சுற்றிவர இயலாது என்பதால், தரையிறங்குவதில் அதற்கே முதல் உரிமை.

அலைவரிசைப் பலகை

கழகம் ஏன் தேவைப்பட்டது என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது அலைவரிசைப் பலகை. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 11 முதல் 60 வரை எண்ணிடப்பட்ட 50 அலைவரிசைகள் மாதிரி விமானங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ஒருவரின் விமானம் வானில் இருக்கும்போது, அதே எண்ணில் மற்றொருவர் தம் டிரான்ஸ்மிட்டரை இயக்கினால் இரு அலைகளும் மோதும். பறக்கும் விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழும். பல வாரங்கள் உழைத்துக் கட்டிய விமானம் நொறுங்குவது மட்டுமல்லாமல், கீழே இருப்பவர்களுக்கும் ஆபத்து நேரலாம்.

இதைத் தடுக்கக் கழகங்கள் கண்ட வழி மிக எளியது. தளத்தின் நுழைவில் எண்கள் எழுதிய பலகை ஒன்று இருக்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு கிளிப் மட்டும் உண்டு. சில இடங்களில் துணிக்குப் போடும் கிளிப்பே இதற்குப் பயன்பட்டது. அந்தக் கிளிப்பை எடுத்துத் தம் டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனாவில் மாட்டிக்கொண்டவரே கருவியை இயக்கலாம். அதே எண்ணைப் பயன்படுத்தும் மற்றவர் காத்திருக்க வேண்டும். இரு தளங்கள் 3 மைலுக்குள், அதாவது சுமார் 5 கிலோமீட்டருக்குள் அமைந்திருந்தால், அலைவரிசைகளைப் பிரித்துக்கொள்ள அவ்விரு கழகங்களும் உடன்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது.

2000களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவின. இவற்றில் ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தனி அடையாளக் குறி உண்டு. ரிசீவர் தன்னுடன் இணைக்கப்பட்ட டிரான்ஸ்மிட்டரின் கட்டளையை மட்டுமே ஏற்கும். இதனால் அலைவரிசைப் பலகையின் தேவை பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுப் பறக்கும் பழக்கம் தொடர்கிறது. அலைகள் மோதாவிட்டாலும், வானில் விமானங்கள் மோதிக்கொள்ளலாம் அல்லவா?

பறக்கக் கற்பித்தல்

புதியவர்களுக்குப் பறக்கக் கற்பிப்பது கழகங்களின் முக்கியப் பணி. பெரும்பாலும் இதற்குக் கட்டணம் இல்லை. இறக்கை உடலுக்கு மேலே அமைந்த பயிற்சி விமானம் முதலில் பயன்படுத்தப்படுகிறது. இது மெதுவாகப் பறக்கும். பிடியை விட்டுவிட்டாலும் தானாகவே ஓரளவு சமநிலைக்குத் திரும்பும்.

பயிற்சியின்போது ஆசிரியரின் டிரான்ஸ்மிட்டரும் மாணவரின் டிரான்ஸ்மிட்டரும் கம்பி மூலமாகவோ கம்பியில்லாமலோ இணைக்கப்படுகின்றன. ஆசிரியர் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை கட்டுப்பாடு மாணவரிடம் இருக்கும். மாணவர் தடுமாறினால் ஆசிரியர் பொத்தானை விட்டுவிடுவார். அக்கணமே விமானம் அவர் கைக்கு வந்துவிடும். தொடக்கத்தில், இரண்டு தவறுகள் செய்தாலும் மீட்டெடுக்கப் போதுமான உயரத்தில் பறக்கும்படி மாணவருக்கு அறிவுறுத்தப்படும்.

புதியவர்களுக்கு மிகவும் குழப்பம் தருவது திசை மாற்றம். விமானம் விலகிச் செல்லும்போது, பிடியை வலப்பக்கம் தள்ளினால் விமானமும் பார்ப்பவரின் வலப்பக்கமே திரும்பும். நம்மை நோக்கி வரும்போது அதே அசைவு விமானத்தை நமது இடப்பக்கம் திருப்பும். இதற்கு ஆசிரியர்கள் எளிய உபாயம் ஒன்றைச் சொல்லித் தருகின்றனர். நம்மை நோக்கி வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கம் பிடியைத் தள்ள வேண்டும். சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல அது இறக்கையை நிமிர்த்திவிடும்.

பறப்பதற்கு முந்தைய சோதனைகள்

அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் புதிய விமானத்தைச் சோதித்த பிறகே அது மேலெழுப்பப்படும். பொதுவாகக் கவனிக்கப்படுபவை:

ஈர்ப்பு மையம்: பல விமானங்களில் இது இறக்கை அகலத்தின் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 33 விழுக்காடு தொலைவில் அமைய வேண்டும். வால் கனத்த விமானத்தைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம்.

பரப்புகளின் அசைவு: இறக்கை, வால் ஆகியவற்றின் அசையும் பரப்புகள் சரியான திசையில் நகர்கின்றனவா என்று பார்க்கப்படும். திசை தலைகீழாக இருப்பது முதல் பறப்பிலேயே விமானம் விழுவதற்கு ஒரு பொதுவான காரணம்.

தொலைவுச் சோதனை: டிரான்ஸ்மிட்டரின் ஆற்றலைக் குறைத்துவைத்து, சில பத்தடிகள் விலகி நின்று, விமானம் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறதா எனப் பார்க்கப்படும்.

தொடர்பு இழப்பு ஏற்பாடு: ரேடியோ தொடர்பு அறுந்தால் எஞ்சின் வேகம் தானாகக் குறைய வேண்டும். கட்டுப்பாடற்ற விமானம் முழுவேகத்தில் பறப்பதை இது தடுக்கும்.

காயம் ஏற்படுத்துவதில் முதன்மையானது சுழலும் புரொப்பெல்லர். மின்மோட்டாரில் மின்கலத்தை இணைத்த நொடியிலிருந்தே அது சுழலக்கூடும் என்று கருதிக் கை வைக்காமல் இருப்பது விதி. லித்தியம் பாலிமர் மின்கலங்களும் கவனம் வேண்டுபவை. ஒரு கலத்தை 4.2 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றினாலோ, மோதலில் அது நசுங்கினாலோ தீப்பற்றலாம். எனவே ஆளில்லாத இடத்தில் மின்னேற்றம் செய்யக் கழகங்கள் தடை விதிக்கின்றன.

போட்டிகளும் கூடல்களும்

வானசாகசப் போட்டியில் ஒவ்வொரு சாகசத்திற்கும் நடுவர்கள் மதிப்பெண் இடுகின்றனர். உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் எஃப்3ஏ என்ற பிரிவில் விமானத்தின் நீளமும் இறக்கை விரிவும் 2 மீட்டரையும், எடை 5 கிலோகிராமையும் தாண்டக் கூடாது. கம்பங்களைச் சுற்றிப் பறக்கும் வேகப் போட்டி, வாலில் கட்டிய காகித நாடாவை எதிரி விமானம் அறுக்கும் வான்சண்டை, உண்மை விமானத்தின் தோற்றத்தை நுணுக்கமாகப் படைக்கும் அளவுமாதிரிப் போட்டி ஆகியவையும் உண்டு.

எஞ்சின் இல்லாத கிளைடர்களைப் பறக்கவிடுவோர், சூடாகி மேலெழும் காற்றைத் தேடிக் கண்டுபிடித்து அதில் விமானத்தை வட்டமிடச் செய்கின்றனர். கழுகும் பருந்தும் இறக்கையை அசைக்காமல் உயர்வது இவ்வாறுதான். அமெரிக்கக் கிளைடர் ஆர்வலர்களின் ஐந்து படித் தேர்ச்சித் திட்டம் ஒன்றில், கடைசிப் படியை எட்ட வெப்பக் காற்றில் 2 மணி நேரமும் மலைச்சரிவுக் காற்றில் 8 மணி நேரமும் தரையிறங்காமல் பறக்க வேண்டும்.

போட்டிகள் தவிர, குடும்பத்தினருக்கான பறப்பு நாள், ஏரியில் மிதவை விமானங்களை இயக்கும் நாள், பழைய பொருள்களை விற்று வாங்கும் சந்தை, குளிர்காலத்தில் விமானம் கட்டும் மாலைகள் ஆகியவற்றையும் கழகங்கள் நடத்துகின்றன.

கூட்டு முயற்சியின் உச்சமாகக் கருதப்படுவது மேனார்ட் ஹில் என்பவரின் தலைமையில் நடந்த அட்லாண்டிக் பயணம். முந்தைய முயற்சிகள் தோல்வியடைந்த பிறகு, பால்சா மரத்தாலான சுமார் 5 கிலோகிராம் எடையுள்ள விமானம் 2003 ஆகஸ்ட் மாதம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பியது. கடல்மீது தானியங்கிக் கருவியும் செயற்கைக்கோள் வழிகாட்டலும் அதைச் செலுத்தின. கிட்டத்தட்ட 39 மணி நேரத்தில் சுமார் 3,000 கிலோமீட்டர் கடந்து, ஆகஸ்ட் 11 அன்று அது அயர்லாந்தை அடைந்தது. அங்கே காத்திருந்த குழுவினர் ரேடியோ கட்டுப்பாட்டில் தரையிறக்கினர். அப்போது ஹில் பெருமளவு பார்வையையும் செவித்திறனையும் இழந்திருந்தார்.

சட்டமும் இன்றைய நிலையும்

டிரோன்கள் பெருகிய பின் அமெரிக்காவில் மாதிரி விமானங்களும் கடுமையான விதிகளுக்குள் வந்தன. 250 கிராமுக்கு மேல் எடையுள்ள விமானங்களைப் பறக்கவிடுவோர் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தில் பதிவு செய்ய வேண்டும். பொழுதுபோக்காகப் பறக்கவிடுவோர் இணையவழிப் பாதுகாப்புத் தேர்வில் தேற வேண்டும். கட்டுப்பாடில்லாத வான்வெளியில் உயர வரம்பு 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர். விமானம் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்க வேண்டும்.

பறக்கும்போதே தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பும் கருவி இருக்க வேண்டும் என்ற விதியும் பின்னர் நடைமுறைக்கு வந்தது. இக்கருவி இல்லாத விமானங்களை, அந்த நிர்வாகம் ஏற்பளித்த குறிப்பிட்ட இடங்களில் பறக்கவிடலாம். அத்தகைய இடங்களுள் பல கழகங்களின் தளங்களே. பல்லாண்டுகளுக்கு முன் கையால் கட்டிய விமானம் இன்றும் சட்டப்படி பறக்க ஓர் இடம் இருக்கிறது என்றால், அதற்கு உள்ளூர்க் கழகம் ஒன்று காரணமாக இருக்கலாம்.

ஆனால் அந்த இடமே நிலையற்றது. பெரும்பாலான கழகங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. நகரம் விரிந்து அருகில் வீடுகள் எழும்போதும், குத்தகை முடியும்போதும், எஞ்சின் இரைச்சலைப் பற்றி அக்கம்பக்கத்தினர் முறையிடும்போதும் தளம் பறிபோகிறது. இதனால் பல கழகங்கள் இரைச்சல் வரம்பையும் பறக்கும் நேரத்தையும் தாமே வகுத்துக்கொள்கின்றன. பள்ளி மாணவர்களை அழைத்துப் பறக்கக் கற்பிக்கின்றன. தளத்தை இழந்த கழகத்தின் உறுப்பினர்களிடம் விமானங்கள் மிஞ்சும். ஆனால் புதியவர் வந்து கற்கவும், தவறினால் ஒருவர் கை கொடுத்துக் காப்பாற்றவும் இடம் இல்லாமல் போகும்.