சாக்குருவிக்கு வந்த மவுசு

கெத்தில் ஆறு மூடா ஆற்றில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கோலா கெத்தில். கெடா மாநிலம் பாலிங் மாவட்டத்தில், தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். பத்து பெக்காக்கா போன்ற தோட்டங்களில் பால் வெட்டிப் பிழைத்த தலைமுறைக்கு ஆந்தை என்றாலே ஆகாது. ராத்திரியில் லயத்துக்கு மேலே ஓர் அலறல் கேட்டால் போதும். “சாக்குருவி கத்துது, யார் வீட்டில என்ன ஆகப் போகுதோ” என்று பாட்டிமார் விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அந்த வாரம் எந்த லயத்தில் யார் கண்ணை மூடினாலும் பழி அந்தப் பறவைமேல்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தக் கெட்ட பெயரைச் சுமப்பது வெள்ளை முகக் கூகை. ஆனால் 1960களின் பிற்பகுதிவரை தீபகற்ப மலேசியாவில் அது எப்போதாவது தலைகாட்டும் விருந்தாளி மட்டுமே. இங்கே அது குஞ்சு பொரித்ததாக முதலில் பதிவானதே அந்தக் காலகட்டத்தில், ஜொகூரில்தான். அப்படியானால் ரப்பர் காலத்து லயங்களில் அலறியது பெரும்பாலும் வேறு ஆந்தையாகத்தான் இருக்கும். பயம் நம்மவர்களோடு கப்பலேறி வந்துவிட்டது. பறவை பல பத்தாண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது.

அதை வரவழைத்தவை எலிகள். ரப்பர்க் காட்டில் எலிக்குப் பெரிய விருந்து ஏதும் கிடையாது. ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டதும் அதற்கு யோகம் அடித்தது. கொறிக்கப் பழக்குலை, பதுங்க வெட்டிப்போட்ட மட்டைக் குவியல். 1981இல் மகரந்தச் சேர்க்கைக்காகக் கேமரூனிலிருந்து ஒருவகைக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் புழுக்களைத் தின்பதற்காக எலிகள் ஆண் பூங்கொத்தையும் பிய்த்துப் போட்டன.

தோட்டங்களின் பதில் எலி மருந்து. முதலில் வார்ஃபரின்; அதற்கு எலிகள் அசராமல் போனபோது, அதைவிடக் கடுமையான புரோடிஃபாக்கூம். இதைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் உயிரோடு நடமாடும். அதற்குள் கூகையின் காலில் சிக்கினால் நஞ்சு கூகைக்கும் போகும். ரத்தம் உறையாமல், உள்ளுக்குள் கசிந்தே பறவை சாகும். புதிய மருந்து புழங்கிய தோட்டங்களில் கூகைகள் குறைந்துபோனதை 1980களிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இன்று அதே கூகைக்குத் தோட்டமே வீடு கட்டிக் கொடுக்கிறது. கூகை கூடு பின்னாது, பொந்து தேடும். செம்பனை வரிசையில் பொந்துக்கு எங்கே போவது? அதனால் தூண் நட்டு, மேலே மரப்பெட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ வைக்கிறார்கள். சுமார் பத்து ஹெக்டருக்கு ஒன்று என்பது பரவலான கணக்கு. குஞ்சுள்ள ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தீர்த்துவிடும் என்பதால் நிர்வாகத்துக்கும் லாபம்தான்.

பெட்டியைப் பார்க்கப் போகிறவர் ஏணியைச் சாத்தியதுமே உள்ளேயிருந்து சீறல் கிளம்பும். பாம்போ என்று கை தயங்கும். கதவைத் திறந்தால் குஞ்சுகள் படிக்கட்டுபோல நிற்கும்: பெரியதற்கு முகவட்டம் தெளிந்திருக்கும், கடைசி இன்னும் வெள்ளைப் பஞ்சாக இருக்கும். தாய் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் முட்டையிட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் வரும் ஏற்றத்தாழ்வு இது. இரை தாராளமாக இருந்தால் கடைசிக் குஞ்சும் தேறிவிடும். தட்டினால் முதலில் போவது அதுதான். தரையில் முடியும் எலும்புமாகக் கறுப்பு உருண்டைகள் கிடக்கும். அவற்றைப் பிரித்து மண்டையோடுகளை எண்ணினால் என்ன எலி, எத்தனை எலி என்று தெரிந்துவிடும். முட்டை வைத்த புதிதில் அடிக்கடி எட்டிப் பார்ப்பது மட்டும் கூடாது. தாய் பெட்டியையே கைவிட்டுவிடலாம்.

இந்தத் தூணும் பெட்டியும் வெளியுலகத்துக்குப் பழக்கமானவைதான். அமெரிக்கக் கடலோரங்களில் டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து, விராலடிப்பான் பருந்துகள் அருகிப்போயின. 1972இல் அங்கே டிடிடியைத் தடைசெய்தார்கள். கூடு கட்டத் தூண்மேடைகளும் வைத்தார்கள். பறவை மீண்டது. டிடிடியைத் தடைசெய்யாமல் மேடைகளை மட்டும் வைத்திருந்தால் அவற்றில் உடைந்த முட்டைகள்தான் மிஞ்சியிருக்கும்.

நம் தோட்டங்களில் இடறுவது இங்கேதான். பெட்டியும் இருக்கும், எலி அதிகமானால் மருந்துக் கட்டியும் விழும். நஞ்சு புழங்கும் இடத்தில் குஞ்சுகளின் வளர்ச்சி பாதிக்கப்படுவதை மலேசிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கூகையைச் சபித்த குடும்பங்களில் பல இன்று கோலா கெத்தில், சுங்கைப் பட்டாணி தாமான்களுக்குப் போய்விட்டன. லயங்கள் காலியான தோட்டத்தில் சாக்குருவிக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது! விளக்குமாற்றுக்குத் தப்பிப் பறந்துபோக அதற்கு வழி இருந்தது. மருந்து தின்ற எலியை அது அடையாளம் காண வழியில்லை. எத்தனை பெட்டி வைத்தோம் என்று எழுதும் நிர்வாகம், எட்டு ஒன்பது வாரத்தில் எத்தனை குஞ்சு பறந்து போனது என்பதையும் பக்கத்துக் கட்டத்தில் எழுதட்டும். ஸ்டோரில் மருந்து மூட்டை இனியும் வேண்டுமா என்பதற்கு அந்தக் கட்டமே பதில் சொல்லிவிடும்.