காட்டைத் தின்ற உலை

சிதம்பரத்தில் ரயில் ஏறிக் கடலூருக்கு ஆபீஸ் போகிறவர்களுக்குப் பரங்கிப்பேட்டை என்பது ஜன்னலில் வந்து போகிற ஒரு மஞ்சள் போர்டு. கொஞ்சம் விவரமானவர் என்றால், "அண்ணாமலை யுனிவர்சிட்டியோட கடல் உயிரியல் மையம் அங்கதான் சார் இருக்கு" என்பார். ஸ்கூலில் சரித்திரம் ஒழுங்காகப் படித்தவர், 1781-ல் ஹைதர் அலியும் வெள்ளைக்காரத் தளபதி அயர் கூட்டும் மோதின இடம் என்று சேர்த்துக்கொள்வார். நண்டு, இறாலைப் பற்றி எல்லாருமே பேசுவார்கள். ஆனால் இந்த மீன் வாசனைக்கு நடுவே ஒரு காலத்தில் பெரிய இரும்பாலை புகை விட்டுக்கொண்டிருந்தது என்று சொன்னால், "எந்தக் கட்சி மீட்டிங்ல சார் சொன்னாங்க?" என்று கேட்பார்கள்.

நிஜம். வருஷம் 1830. ஆரம்பித்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியில் சிவில் உத்தியோகம் பார்த்தவர். பேசாமல் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, வேளை வந்ததும் கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். சேலம் பக்கத்து இரும்பு அவரை விடவில்லை.

அங்கே கஞ்சமலை இருக்கிறதே, அது முழுக்கக் காந்தக்கல். மேக்னடைட். சுத்தமான மேக்னடைட்டில் நூற்றுக்கு 72 பங்கு இரும்பு. நம் ஊர் கொல்லர்கள் அதை இடித்துப் புடைத்து, மண் உலையில் கரியோடு போட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பெடுத்தார்கள். அப்புறம் அந்த இரும்புத் துண்டைச் சின்ன மண் குப்பியில் வைத்து, ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் சேர்த்து, வாயைக் களிமண்ணால் அடைத்துச் சுட்டால் உருக்கு ரெடி! ஆவாரையும் எருக்கும் சும்மா சாங்கியத்துக்கு இல்லை. அவை கருகி, அதிலிருக்கும் கார்பன் இரும்புக்குள் ஏறுகிறது. கார்பன் ஏறினால்தான் எஃகு. ஷெஃபீல்டுக்காரன் பெரிய பெரிய உலைகளில் நாள் கணக்காகச் செய்கிற வேலையை இங்கே இரண்டரை மணி நேரத்தில் முடிக்கிறார்களே என்று ஹீத் வியந்து எழுதினார்.

வியந்தவர் அதோடு நிற்கவில்லை. இதையே சீமை பாணியில் ராட்சச உலையில் செய்தால் கப்பல் கப்பலாக ஏற்றுமதி பண்ணலாமே! துறைமுகம் வேண்டும். வெள்ளாறு கடலில் சேருகிற பரங்கிப்பேட்டை தோதாகப் பட்டது. கல் எங்கே? சேலத்தில். வண்டியில் ஆற்றங்கரை, அங்கிருந்து பரிசலில் காவிரி, கொள்ளிடம், அப்புறம் கான் சாகிப் கால்வாய் வழியாக வெள்ளாறு. ஆற்றில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் இந்தக் கதை நடக்கும். மற்ற மாதங்களில்? காவிரித் தண்ணீரை நம்பி யாராவது தொழில் தொடங்குவார்களா என்று இன்றைக்குக் கேட்போம். அன்றைக்குக் கேட்க ஆளில்லை.

ஊதுலை என்பது உயரமான புகைபோக்கி மாதிரி. மேலே வாயில் கல், மரக்கரி, சுண்ணாம்பு (கடலோரமாக இருந்தால் கிளிஞ்சலே போதும்) மூன்றையும் மாற்றி மாற்றிக் கொட்டுவார்கள். கீழேயிருந்து காற்று. கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு வாயு கிளம்பும். அது மேலே ஏறுகிற வழியில், கல்லில் இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கிற ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். கஞ்சமலைக் கல்லில் கலந்திருக்கிற வெள்ளைக்கல் சமாசாரத்தைச் சுண்ணாம்பு இழுத்துக் கசடாக மிதக்க வைக்கும். அடியில் உருகி நிற்பது இரும்பு. அதை மணலில் வெட்டிய வாய்க்காலில் விடுவார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், பக்கத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் குழிகள். பால் குடிக்கிற பன்றிக்குட்டிகள் மாதிரி இருந்ததால் அதற்கு 'பிக் அயர்ன்' என்று பெயர் வைத்தான் வெள்ளைக்காரன். நாம் வைத்திருந்தால் பசுவும் கன்றும் என்று மரியாதையாக வைத்திருப்போம்.

இதில் எங்கே இடித்தது? கல்லில் இல்லை. கரியில்!

பழைய முறை மூட்டத்தில் நாலைந்து டன் விறகை எரித்தால்தான் ஒரு டன் கரி. ஒரு டன் இரும்புக்கு ஒரு டன் கரியும் போதாது. வந்த பிக் அயர்னைத் தட்டிக் கம்பியாக்க இன்னொரு உலை, அதற்கு வேறு எரிபொருள். கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். கொல்லர் உலை சின்னது. காட்டோரம் உட்கார்ந்து, கிடைத்த கரிக்குத் தகுந்தாற்போல் ஊதும். கரி இல்லாவிட்டால் அன்றைக்கு லீவு. ராட்சச உலைக்கு லீவு கிடையாது. அணைந்தால் உள்ளே எல்லாம் உறைந்து கல்லாகிவிடும். சுற்று வட்டாரக் காடு காலியாக ஆக, கரி மேலும் மேலும் தூரத்திலிருந்து வந்தது. கூலி, வண்டிச் சத்தம் எல்லாம் ஏறின. பணம் போட்ட கம்பெனி மாறியது. 1853-ல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி என்று புதுப் போர்டு மாட்டிப் பார்த்தார்கள். 1860-களில் உலை அணைந்தது.

இத்தனைக்கும் பரங்கிப்பேட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள், நெய்வேலி மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி கோடிக்கணக்கான டன் தூங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஈரம் சொட்டுகிற அந்தக் கரியை அப்படியே ஊதுலையில் போட்டிருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

கல் ஓரிடம், அதை உலோகமாக்கும் வசதி வேறிடம் என்கிற வம்பு இன்றும் தீரவில்லை. உங்கள் செல்போன் பேட்டரியில் இருக்கும் கோபால்ட் பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் வெட்டியது. அங்கே கந்தக அமிலத்தில் கரைத்து, தாமிரத்தைப் பிரித்து, கோபால்ட்டைப் பச்சை மண் மாதிரி வீழ்படிவாக்கி மூட்டை கட்டுகிறார்கள். சுத்தம் பண்ணுவது பெரும்பாலும் சீனாவில். லாபம் எந்தப் பக்கம் நிற்கும் என்று உங்கள் கம்பெனி அக்கவுண்டண்டைக் கேட்டால் சொல்லிவிடுவார். சேலத்திலேயே 1981-ல் உருக்காலை வந்தது. அதுவும் கஞ்சமலைக் கல்லை உருக்கவில்லை!

பரங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. வேல்ஸில் மெனாய் தொங்குபாலம், பிரிட்டானியா பாலம் இரண்டுக்கும் இந்த இரும்புதான் போனது என்று பெருமையாகச் சொல்வதுண்டு. 1850-ல் திறந்த பிரிட்டானியா, சரி. மெனாய் பாலத்தை 1826-லேயே திறந்துவிட்டார்கள். பிறக்காத உலையிலிருந்து இரும்பு எப்படிப் போகும்?

ஹீத் என்ன ஆனார்? ஷெஃபீல்டுக்குப் போனார். எஃகு உருக்கும் குப்பியில் மாங்கனீஸ்-கார்பன் கலவையைக் கொஞ்சம் போட்டால் மட்ட இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்று கண்டுபிடித்து, 1839-ல் பேட்டண்ட் வாங்கினார். ஸ்வீடனிலிருந்து உசத்தி இரும்பு வரவழைக்கும் செலவு மிச்சம். எஃகு விலை சரசரவென இறங்கியது. மனுஷர் அங்கே நின்றிருக்கலாம். கலவையைத் தனியாகச் செய்ய வேண்டாம், மாங்கனீஸ் ஆக்சைடையும் தாரையும் நேராகவே குப்பியில் போடலாம், இன்னும் மலிவு என்று தன் ஏஜெண்ட் அன்வினிடம் சொல்லிவிட்டார். அன்வின் அப்படியே செய்து விற்றார். ராயல்டி? "பேட்டண்டில் எழுதியிருப்பது கலவை. நான் போடுவது ஆக்சைடும் தாரும்" என்று வாதம். கோர்ட், அப்பீல் என்று கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. 1855-ல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது, அதைக் கேட்க ஹீத் உயிரோடு இல்லை.