விகன் நகரத்து விடியல் ஆட்டம்

லங்காஷையர் என்றால் நம் முன்னோர்க்குச் சீமைத் துணியே நினைவுக்கு வரும். சுதேசி இயக்க நாட்களில் தெருவிலிட்டுக் கொளுத்திய துணிகளை நெய்தனுப்பிய சீமை அதுவே. அங்கே விகன் என்றொரு நகரம் உண்டு. நிலக்கரியும் பஞ்சாலையும் அந்நாளில் அதன் பிழைப்பாக இருந்தன. அதன் வறுமையை ஜார்ஜ் ஆர்வெல் 1937-இல் நூலாகவே எழுதி வைத்தார். அந்நகரத்துக்கு ஒரு நடன மண்டபம் தேடித் தந்த புகழைப் பற்றிச் சிறிது சொல்ல விழைகிறோம். டி.ஜே. என்றவுடனே முகம் சுளிக்கும் பெரியோர் நம் இல்லங்களிலும் உளர் அல்லவா?

மண்டபத்தின் பெயர் விகன் காசினோ. சூதாட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை; அது பழைய நடனக் கூடமே. 1973 செப்டம்பர் 23 அன்று, ஊரார் உறங்கும் அதிகாலை 2 மணிக்கு, ரஸ் வின்ஸ்டன்லி என்ற உள்ளூர் இளைஞர் அங்கே இசைத்தட்டுகளைச் சுழற்றத் தொடங்கினார். காலை 8 மணி வரை ஆட்டம். மது விற்கப்படவில்லை. வழுக்கி ஆடுவதற்கு வசதியாகத் தரையில் முகப்பவுடரைத் தூவிக்கொண்டனர். உறக்கத்தை விரட்ட மாத்திரை விழுங்கியோரும் இருந்தனர். அதை நாம் மறைப்பதற்கில்லை.

ஒலித்த இசையின் வரலாறே நம்மை வியக்க வைப்பது. டெட்ராயிட், சிகாகோ போன்ற அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் 1960-களில் பாடிப் பதிவு செய்த சோல் பாட்டுகள் அவை; அதிலும் சொந்த ஊரில் விலை போகாதவை. வாரமெல்லாம் ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்த பிள்ளைகள் கடல் கடந்து வந்த அத்தட்டுகளைத் தமதாக்கிக் கொண்டனர். அரிய தட்டு கிடைத்த டி.ஜே., போட்டியாளர் அறியாவண்ணம் அதன்மேல் தாள் ஒட்டிப் பொய்ப்பெயர் எழுதி வைப்பாராம்! சமையற்குறிப்பை அடுத்த வீட்டாருக்கு மாற்றிச் சொல்லும் மாமிகளை நாம் அறிவோம்.

பிராங்க் வில்சன் 1965-இல் மோடவுன் நிறுவனத்துக்காகப் பாடிய ஒரு தட்டு வெளிவருமுன்பே அழிக்கப்பட்டது. தப்பியவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று 2009-இல் 25,000 பவுனுக்கு மேல் விலை போயிற்று.

ஆண்டுதோறும் செப்டம்பரில் ஆண்டு நிறைவு இரவு நடைபெறும். தொலைவூர்களிலிருந்தெல்லாம் வந்து குவிவர். கூடம் போன பின்னரும் வேறு மண்டபங்களில் அவ்விரவைக் கொண்டாடி வருகின்றனர். 2023-இல் பொன்விழாவே நிறைந்தது. நரைத்த தலையினரும் ஆடுகின்றனர் என்பது குறிப்பிடத் தக்கது.

நகராட்சி தன் அலுவலகத்தை விரிவாக்க அவ்விடத்தைக் கேட்டது. அதனாலேயே கூடம் மூடப்பட்டது. அந்த விரிவாக்கமோ நடைபெறவே இல்லை. மறு ஆண்டு கட்டடம் தீக்கிரையாயிற்று. அதே 1982-இல் அண்மையிலுள்ள மான்செஸ்டரில் ஹசியெண்டா திறக்கப்பட்டது. பின்னாளில் சிகாகோவின் மின்னிசைத் தட்டுகள் அங்கே முழங்கின.

கடைசி ஆட்டம் 1981 டிசம்பர் 6 அன்று முடிந்தது. விடியலில் வழக்கமாகப் போடும் மூன்று முடிவுப் பாட்டுகளை வின்ஸ்டன்லி மும்முறை போட்டார். அழுதபடி நின்ற கூட்டம் நகரவில்லை. பெட்டியில் கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்து வைத்தார். அது பிராங்க் வில்சனின் பாட்டு.