ஹிஜ்ரி 416: இரு படைகளும் ஒரு நூலும்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைக் கண்டிராதோர் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் சிலரே இருப்பர். அவ்வூர் சோழர்தம் புதிய தலைநகராய் எழுந்த காலத்தை ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.

கி.பி. 1025 மார்ச்சில் ஹிஜ்ரி 416 பிறந்தது. அந்த ஆண்டையொட்டி முதலாம் இராஜேந்திர சோழனின் கப்பற்படை கீழைக்கடலைக் கடந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் வென்றது. கடாரத்து வேந்தன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். அரபு மாலுமிகள் அறிந்திருந்த சுமத்திராவின் இலாமுரி தேசமும் வெல்லப்பட்டதாக இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி கூறும்.

அதே ஆண்டு அக்டோபரில், ஆப்கானிய மண்ணிலுள்ள கஜ்னியினின்றும் ஒரு படை புறப்பட்டது. சுல்தான் மஹ்மூது சோமநாதபுரம் நோக்கி நடந்தார். 1026 ஜனவரியில் அங்குள்ள கோயில் சூறையாடப்பட்டது. இதனை மார்க்கத்தின் வெற்றியெனப் பாடியோர் உண்டு. ஆனால், அவரது அரசின்கீழ் வாழ்ந்த பேரறிஞர் அல்பிரூனி அவ்வாறு எழுதினாரில்லை. மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தைக் குலைத்தன என்றும், மக்கள் உள்ளத்தில் முஸ்லிம்கள்பால் ஆறாத வெறுப்பை விளைத்தன என்றும், 1030 வாக்கில் தாம் இயற்றிய இந்திய நூலில் ஒளியாது உரைத்தார்.

அந்த அல்பிரூனி ஹிஜ்ரி 416இல் செய்தது என்ன? கஜ்னியில் நின்று தொழுவோர் கஃபாவை நேராக நோக்கும் திசை எது என்று ஆராய்ந்து ஒரு நூலை எழுதி முடித்தார். ஊர்களின் அட்சரேகைகளையும், வணிகக் கூட்டங்கள் நடந்த வழித்தொலைவுகளையும் கொண்டு, பக்தாதிலிருந்து கஜ்னி வரை கணக்கிட்டார். நந்தனாக் கோட்டையருகே மலைமீதேறித் தொடுவானின் தாழ்வை அளந்து பூமியின் அளவைக் கண்ட முறையும் அந்நூலில் உண்டு. நம் பகுதியில் கிப்லா நேர்மேற்கன்று, ஏறத்தாழ 20 பாகை வடக்கே சாய்ந்தது என்று இன்று நாம் துணிவதும் அத்தகைய கணிதத்தின் பயனேயாகும்.

ஆண்டுகள் ஆயிரம் கடந்தன. கஜ்னி 1150 வாக்கில் கோரி மன்னனால் தீக்கிரையாயிற்று. சோழனின் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் இன்று எஞ்சியவை செங்கல் அடித்தளங்களே. ஆயின், இராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் பொன்னேரி என்னும் பெயரோடு இன்றும் உளது. அல்பிரூனியின் அந்நூலும் இஸ்தான்புல்லில் ஒற்றைக் கைப்பிரதியாய்ப் பிழைத்துளது.

மனிதன் மறைந்த பின்னும் தொடர்வன மூன்று என்றார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள்: நிலைத்த தருமம், பயன்தரும் கல்வி, பெற்றோர்க்காக இறைஞ்சும் நன்மக்கள். வென்ற நாடுகளும் வாரிய பொன்னும் அப்பட்டியலில் இல்லை.

ஏரி வெட்டும் வசதி நமக்கில்லாதிருக்கலாம். ஒரு கிணற்றைத் தூர்வாருவதும், ஏழைப் பிள்ளையொருவனின் படிப்புச் செலவை ஏற்பதும், நம் ஆண்மக்களோடு பெண்மக்களையும் கல்லூரிவரை அனுப்புவதும் நம் கைக்கு எட்டுவனவே. அதற்குரிய மனத்தை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.